வலது காது சிவப்பு

பழைய கண்ணாடிச் சாமான்களை ஏலம் விடும் அந்தக் கூடத்தில் விரல்காரரைத் தெரியாதவர் கிடையாது. விக்டோரியா ராணி காலத்துக் கிண்ணமோ, ஜாடியோ, மூடி தொலைந்த சர்க்கரைப் பாத்திரமோ, எதை மேசையில் வைத்தாலும் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு விரல்கள் வேலையை ஆரம்பிக்கும். வரிசை வரிசையாகப் பரு மாதிரித் தட்டுப்பட்டால் அது குமிழ் வேலை. கட்டைவிரல் சுகமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும் பள்ளங்கள் இருந்தால் கட்டைவிரல் பதிப்பு. விளிம்பு விரலைக் கீறப் பார்த்தால் சாணைக்கல்லில் வெட்டியது. கீறாமல் வழுவழுவென்று போனால் அச்சில் அழுத்தியது. அதற்குப் பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு தையல் கோடும் இருக்கும். கடைசியில் சாமானைக் கவிழ்த்து அடியைத் தடவுவார். ஊதிச் செய்த கண்ணாடியாக இருந்தால், பிடித்திருந்த இரும்புக் கம்பியை ஒடித்து எடுத்த தழும்பு அங்கே தொப்புள் மாதிரி இருக்கும். அதைச் சுற்றி, தலைமுறை தலைமுறையாக மேசைகளில் இழுபட்ட தேய்மானம் இருக்க வேண்டும். தேய்மானம் இல்லாத அடியை அவர் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

இந்தக் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் கூடத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. உறவினர் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாலும் அவருடைய கை தம்ளரை அடிப்பக்கமாகத் திருப்பப் பார்க்கும். தம்ளரில் தண்ணீர் இருக்கிறது என்பது கைக்குத் தெரியாது. எத்தனையோ பேர் வீட்டுத் தரையை நனைத்திருக்கிறார். அவர் வருகிறார் என்றால் விவரம் தெரிந்த வீடுகளில் எவர்சில்வர் தம்ளரை எடுத்து வைத்துவிடுவார்கள்.

கூடத்தில் அவரைப் பற்றி இன்னொரு பேச்சும் உண்டு. தடவி முடித்ததும் கண்ணைத் திறந்து, எதிர்ப்பக்கம் தொட்டியடியில் சாமான் கழுவிக்கொண்டிருக்கும் தன் மனைவியை ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம்தான் வாயைத் திறப்பார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பார்வை. பொண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் மனுஷனுக்கு ஒரு வார்த்தை வராது என்று மூட்டை தூக்குகிறவர்கள் முதல் கணக்கர் வரை கேலி செய்வார்கள். அவர் அசடு வழியச் சிரித்துவிட்டுப் போய்விடுவார். உண்மையில் அந்தக் கேலி அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

ஏனென்றால் விரல்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். மஞ்சள் தெரியும், நீலம் தெரியும். சிவப்பு, பச்சை இரண்டும் அவர் கண்ணுக்கு ஒரே காய்ந்த சேற்று நிறம். ஊதா வந்தால் நீலம் என்று அடித்துச் சொல்வார். பழைய கண்ணாடித் தொழிலில் வடிவம் பாதி, நிறம் பாதி. தங்கத்தைக் கரைத்துச் சேர்த்த சிவப்பு ஜாடியைப் பச்சை என்று சொல்கிற ஆளுக்கு அங்கே வாசலில்கூட நிற்க இடம் கிடையாது. அவர் கண்ணை மூடிக்கொள்வதைப் பெரிய வித்தை என்று எல்லோரும் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். பாவம், திறந்திருந்தால் குழப்பம் என்றுதான் அவர் மூடிக்கொண்டது.

மனைவிக்கு இது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அப்போது அவள் நூலும் பொத்தானும் விற்கிற கடையில் வேலை பார்த்தாள். துணியைக் காட்டினால் அதே நிறத்து நூல்கண்டை ஆயிரம் கண்டுகளுக்கு நடுவிலிருந்து பார்க்காமலே எடுக்கிற கை. ஒரு நாள் இந்த மனுஷர் சிவப்புச் சட்டையைக் கொண்டுவந்து, தானே பெட்டியைத் துழாவி, பச்சைப் பொத்தானாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு நின்றார். அவள் சிவப்புப் பொத்தானாக மாற்றிக் கொடுத்தாள். சில நாள் கழித்து ஒரு கம்பளிச் சட்டையோடு வந்தார். மறுபடியும் அதே கூத்து. மூன்றாவது தடவை அவள் பொத்தான் பெட்டியை மூடி வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"உங்களுக்குக் கலர் தெரியாதா, இல்ல என்னைப் பாக்கத்தான் வர்றீங்களா?"

"ரெண்டுந்தான்," என்றார் அவர்.

இந்தப் பதிலுக்கு மேல் என்ன இருக்கிறது? கல்யாணம் ஆயிற்று. ஏலக்கூடத்தில் இவருக்குச் சாமான் பார்க்கிற வேலை கிடைத்ததும், கழுவுவதற்கு ஆள் வேண்டும் என்றார்கள், அவளும் கூடவே போய்ச் சேர்ந்துகொண்டாள். சேரும்போதே இருவரும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவள் வலது காதைத் தொட்டால் சிவப்பு. இடது காதைத் தொட்டால் பச்சை. கழுத்துச் சங்கிலியைத் தொட்டால் ஊதா. அந்த அம்மாவுக்குக் கழுவும்போது காதில் தண்ணீர் போய்விடுகிறது போலிருக்கிறது என்று கூடத்தில் பரிதாபப்பட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு சாமானும் தப்பாகப் போனதில்லை.

ஏலப் பட்டியலில் அவர் எழுதுகிற வர்ணனைகளுக்கு என்றே ரசிகர்கள் இருந்தார்கள். 'மாதுளம் முத்தை வெயிலில் பிடித்தது போன்ற சிவப்பு' என்று எழுதுவார். 'மழை விட்ட மறுநாள் பாசியின் பச்சை' என்று எழுதுவார். எல்லாம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவள் சொல்வது. அவர் மாதுளம் முத்தையே சேறாகத்தான் பார்த்திருக்கிறார். இது வெளியே தெரிந்தால் நாற்காலி போகும், பேர் போகும், இருவருமாகச் சேர்ந்து ஊரை ஏமாற்றினார்கள் என்ற சொல் மட்டும் மிஞ்சும். இந்தப் பயத்தில்தான் அவருடைய ஒவ்வொரு வேலை நாளும் விடியும்.

அப்படியிருக்க, வினை வந்தது சகலை வீட்டில்.

மனைவியின் அக்காவும் சகலையும் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விரல்காரரும் மனைவியும் பார்க்கப் போனார்கள். எவர்சில்வர் எடுத்து வைக்க வேண்டும் என்று அக்காவுக்கு நினைவிருந்தது. சகலைக்குத்தான் பெருமை விடவில்லை. வரிவரியாக வெட்டு வேலை செய்த ஒரு பெரிய கூஜா நிறைய ஆரஞ்சுச் சாற்றை ஊற்றிக் கொண்டுவந்து, ராணி காலத்துச் சாமான், தெரிந்தவர் மூலமாகக் கிடைத்தது என்று நீட்டினார். விரல்காரர் வாங்கினார். கண்ணை மூடினார். தடவினார். கவிழ்த்தார்.

புது சோபாவும் சகலையின் வெள்ளை வேட்டியும் ஒரே நேரத்தில் நனைந்தன. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. காலியான கூஜாவின் அடியைத் தடவிவிட்டு, கண்ணைத் திறக்காமலே, இது போன வருஷம் செய்தது, தேய்மானமே இல்லை என்றும் தீர்ப்புச் சொன்னார். மனைவியின் முகம் அவமானத்திலும் கோபத்திலும் ஜிவ்வென்று சிவந்தது. அது அவருக்குத் தெரியவா போகிறது? தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம், கவலைப்படாதீங்க, பொருள் நல்ல பொருள்தான், வயசுதான் கம்மி என்று ஆறுதல் வேறு.

பஸ்ஸில் அவள் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "இனிமே உங்ககிட்ட நானா வாயத் திறந்து பேசினா என்னன்னு கேளுங்க." அதற்கப்புறம் மௌனம். அவளுடைய மௌனம் லேசுப்பட்டதல்ல. சாப்பாடு வரும், துவைத்த சட்டை வரும், குரல் மட்டும் வராது.

அன்று இரவே அவளுக்கு வலது காது வலிக்க ஆரம்பித்தது. வேறு நாளாக இருந்தால் அவரை எழுப்பி உட்கார வைத்து ஒரு பாட்டம் புலம்பியிருப்பாள். பேசமாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. காது வலிக்கிறது என்பதும் பேச்சுதானே. பஞ்சை எண்ணெயில் தோய்த்துக் காதில் அடைத்து, முடியை இழுத்து மறைத்துக்கொண்டு காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கென்று பார்த்துக் கூடத்தில் பெரிய கூட்டம். ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர், ஆயுசு பூராவும் சேர்த்த கண்ணாடிகளை விற்க வந்திருந்தார். மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார், அங்கே அலமாரி வைக்க இடமில்லை. ஒவ்வொரு சாமானையும் குழந்தையைக் குளிப்பாட்டிச் சுற்றியது போலத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கூடத்து முதலாளி, ஏலத்தில் வாங்குகிறவர்களையும் வரச் சொல்லியிருந்தார். விரல்காரர் சாமான் பார்க்கிற அழகை நாலு பேர் நேரில் பார்த்தால் ஏலம் சூடு பிடிக்கும் என்பது அவர் எண்ணம்.

முதல் சாமான் ஒரு ஜாடி. விரல்காரர் கண்ணை மூடித் தடவினார். தையல் போட்ட மெத்தை மாதிரி சாய்சதுரம் சாய்சதுரமாக உப்பியிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். மனைவியின் கை வலது காதில் இருந்தது. சிவப்பு என்றார். சிவப்புதான். பல் டாக்டர் பெருமையாகத் தலையாட்டினார்.

இரண்டாவது, நிறமே இல்லாத வெட்டு வேலைச் சீசா. நிறமில்லாததற்கு அவருக்கு யார் தயவும் வேண்டாம். ஆனாலும் பழக்கத்தில் பார்த்தார். கை இன்னும் வலது காதிலேயே இருந்தது. கோபத்தில் எடுக்க மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது ஒரு கிண்ணம். பக்கங்களில் வரிவரியாக எழும்பி, விளிம்பு பாவாடைக் கொசுவம் போல மடிந்து மடிந்து ஓடியது. ஊதிச் செய்ததுதான்; அடியில் தழும்பு இருந்தது, தேய்மானம் இருந்தது. நல்ல சாமான் என்று விரலுக்கே சந்தோஷம். கண்ணைத் திறந்தார்.

தொட்டியடியில் மனைவி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடந்தது இதுதான். கிண்ணம் பச்சை. அவள் ஒழுங்காக இடது கையால் இடது காதைத் தொட்டாள். வலது காதிலோ சுரீர் சுரீர் என்று குத்தல். அந்தக் கையை எடுக்க முடியவில்லை. அது கணவர் கண்ணுக்கு என்ன சொல்லும் என்று யோசிக்கிற நிலையிலும் அவள் இல்லை.

விரல்காரர் முதலில், என் குரலைக் கேட்கக்கூடப் பிடிக்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறாளே என்று நினைத்தார். அப்புறம்தான், வீட்டுச் சண்டையை அவள் ஒரு நாளும் கூடத்துக்குள் கொண்டுவந்ததில்லை என்பது நினைவு வந்தது. வேலை என்று வந்துவிட்டால் அவள் காது பொய் சொல்லாது. வலது சிவப்பு, இடது பச்சை. இரண்டும் சேர்ந்தால்? அவருக்குப் புல்லரித்தது. அப்படி ஒரு கண்ணாடி உண்டு. மேலே சிவப்பாக ஆரம்பித்து, இறங்க இறங்கக் கரைந்து, கீழே பச்சையாக முடியும். தொழிலில் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு முறை தொட்டிருக்கிறார். கிடைப்பதற்கு அரியது.

"எல்லாரும் பக்கத்துல வாங்க," என்றார்.

வந்தார்கள். சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும் கண்ணாடியை வாழ்நாளில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். இந்த நிற மாற்றத்தைக் கொண்டுவர, பாதிச் சாமானை மறுபடி உலையில் காட்டுகிற பக்குவத்தைப் பற்றிச் சொன்னார். அதோடு நின்றாரா? கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சிவப்பு எங்கே முடிகிறது, பச்சை எங்கே தொடங்குகிறது என்று கிண்ணத்தின் இடுப்பில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார்.

கூட்டத்தில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இன்னொருவர், உள்ளே வரும்போதே எனக்குச் சந்தேகம்தான் என்றார். எத்தனையோ வருஷம் அந்தக் கிண்ணத்தைத் தினமும் துடைத்து வைத்த பல் டாக்டர், தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஆமாம், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சிவப்படிக்கிறது என்று சொல்லிக் கண் கலங்கிவிட்டார். பேர் என்று ஒன்று வந்துவிட்டால் பிறகு கண்ணை யார் கேட்கிறார்கள்?

மனைவி காதிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். என்ன நடந்தது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. பேசாமல் இருந்தால் இந்த நிமிஷம் தப்பும். நாளைக்கு யாரோ ஒரு அப்பாவி இதை வாங்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் வைத்துப் பார்ப்பான். அத்தோடு விரல்காரரின் மானம் கப்பலேறும். வாயைத் திறந்தால் இன்றைக்கே ஏறும். அதோடு, வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லியும் இருந்தாள். அந்த மனுஷர் சந்தோஷத்தில் முகமெல்லாம் பூரித்து, இல்லாத சிவப்பைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பச்சைங்க," என்றாள். "மேலேர்ந்து கீழ வரைக்கும் வெறும் பச்சை."

முதலாளிக்குத்தான் முதலில் சுருக்கென்றது. ஏலம் சூடு பிடிக்கிற நேரத்தில் கழுவுகிற அம்மா வந்து குறுக்கே விழுந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? உனக்கு எதற்கு இந்த வேலை, பெரியவங்க பேசும்போது தொட்டியைப் பார்த்துக்கொண்டு போ என்று எல்லோர் முன்னாலும் அவளை அதட்டினார்.

விரல்காரருக்கு இதுதான் தப்பிக்க வழி. சும்மா நின்றிருந்தால் போதும். தொண்டையைச் செருமி, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தால் நாற்காலியும் பேரும் பத்திரமாக இருந்திருக்கும். அவர் கிண்ணத்தை மெதுவாக மேசையில் வைத்தார்.

"அவள அதட்டாதீங்க. அவ பச்சைன்னா பச்சைதான்," என்றார். "எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதாங்க. இத்தன வருஷமா கலர் சொன்னதெல்லாம் அவதான். நான் தடவினேன், அவ்வளவுதான்."

பிறகு காது விவகாரத்தையும் ஒன்று விடாமல் சொன்னார்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவர் கேட்டது யாரும் எதிர்பார்க்காத கேள்வி.

"அப்ப நீர் அந்தம்மாவ அப்படிப் பாத்துக்கிட்டே இருந்ததெல்லாம்?"

"கலருக்குத்தாங்க."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மனுஷன் பொண்டாட்டியை எப்படிப் பார்க்கிறார், நீங்களும் இருக்கிறீர்களே என்று தன் வீட்டில் வருஷக்கணக்காக வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை அவர் அங்கேயே எல்லோருக்கும் சொன்னார். ஏமாற்றியதைவிட அதுதான் அவரை அதிகம் புண்படுத்தியதாகத் தெரிந்தது. யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட, கூடம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. உள்ளே வரும்போதே சந்தேகப்பட்டவர் மட்டும் சத்தமில்லாமல் நழுவிவிட்டார்.

பல் டாக்டர் சிரிக்கவில்லை. பச்சைக்கு இடது காது என்றால், அந்தம்மா வலது காதை ஏன் விடாமல் பிடித்திருந்தாள் என்று அவருக்கு உறைத்தது. அவர் நேரே தொட்டியடிக்குப் போய், வலது காது வலிக்குதாம்மா, வாயத் திற என்றார். அவள் விழித்தாள். தொழில் பழக்கம், ஜன்னல் பக்கமாகத் திருப்பி நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். காதில் ஒன்றுமில்லை, கடைவாய்ப்பல் சொத்தை, அந்த வலிதான் காதுக்கு ஏறுகிறது, நாளைக்கே பிடுங்க வேண்டும் என்றார். அன்றைய தினம் அந்தக் கூடத்தில் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்ட பழைய பொருள் அது ஒன்றுதான் என்று கணக்கர் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதலாளி லேசில் விட்டுவிடவில்லை. முன்பு வாங்கினவர்களையெல்லாம் கூப்பிட்டு, பட்டியலையும் சாமானையும் ஒத்துப் பார்க்கச் சொன்னார். அந்த நாட்களில் விரல்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மாதுளம் முத்து மாதுளம் முத்தாகவே இருந்தது, பாசி பாசியாகவே இருந்தது. ஒரு வரியும் பிசகவில்லை. அதற்கப்புறம் முதலாளி உத்தரவு போட்டார். மேசைக்கு இனி இரண்டு பேர். தடவுவது ஒருவர், நிறம் சொல்வது ஒருவர், அதுவும் ஊரறிய வாய்விட்டு. சாமான் கழுவ வேறு ஆள் வந்தார். முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அது மனைவிக்குப் போயிற்று; விரல்காரர் முக்காலிக்கு மாறினார். பல் டாக்டரின் கிண்ணம் வெறும் பச்சையாகவே நல்லபடியாக விலைபோயிற்று. விரல்காரரை நேரில் பார்க்க வருகிற கூட்டம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

வீட்டில் பேச்சு தானாகவே திரும்பி வந்திருந்தது. பல் பிடுங்கிய மறுநாளே சகலை வீட்டு சோபாவுக்கு உறை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு நாள் காலை, முதல் சாமான் ஒரு சின்ன வாசனைச் சீசா. அவர் கண்ணை மூடித் தடவி, குமிழ் வேலை, அச்சில் அழுத்தியது என்றார். ஊதா என்று அவள் சத்தமாகச் சொன்னாள். அதற்கப்புறமும் அவர் கண்ணைத் திறந்து, முக்காலியில் திரும்பி, வழக்கம்போல அவளைப் பார்த்தார். அடுத்த சாமானுக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும்.

அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "நான்தான் வாயாலயே சொல்றேனே. இன்னும் எதுக்குத் திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க?"

விரல்காரர் கையிலிருந்த கிண்ணத்தைக் கவிழ்த்து அடியைத் தடவினார்.

"அன்னிக்குப் பொத்தான் கடையில ரெண்டு காரணம் சொன்னேனே," என்றார். "அதுல ஒண்ணுதான் தீந்துபோச்சு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த சாமானின் துணியைப் பிரித்தாள். பிரித்துக்கொண்டே, வேறு யாருக்கும் தெரியாமல், அவருக்கு மட்டும் வலது காதை ஒருமுறை தொட்டுக் காட்டினாள். பல்லைப் பிடுங்கி எத்தனையோ நாளாகிறது. காதில் வலி ஒன்றும் இல்லை.